அஞ்சாம் நம்பர் பெண்கட்டை

உருண்டையானதை எந்த மடையனும் கடைந்துவிடுவான். கட்டில் கால், பம்பரம், கதவுக் குமிழ் எல்லாம் மரத்தைச் சுழலவிட்டு உளியைக் காட்டினால் தானாக வந்துவிடும். பாதம் அப்படி வராது. அதற்கு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், குதிகாலில் ஒரு அகலம், விரல் பக்கம் இன்னொரு அகலம். செருப்பும் ஷூவும் தைக்கிறவர்கள் தோலுக்குள்ளே வைத்துத் தைக்கிற மரப்பாதத்தை அதனால்தான் கையால் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் அதற்குக் கட்டை என்று பெயர். எனக்கு மரம் அறுக்கிற தொழில். என் அறுவைக்கூடத்துக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேரின் கட்டைப் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. அதை நான் பெயர்க்கவில்லை. அடைக்கவும் இல்லை.

அண்ணனை உளி என்று கூப்பிடுவார்கள். தம்பிக்குச் சக்கரம் என்று பேர். உளி கட்டை செதுக்கினால் ஷூ தைக்கிறவன் அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஒரு ஜோடி முடிய அரை நாள் பிடிக்கும். சக்கரத்துக்கு உளி பிடிக்கவே வராது. சின்ன வயதில் விரலை வெட்டிக்கொண்டதோடு சரி. ஊர் ஊராகப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கி, பல்சக்கரமும் வார்ப்பட்டையும் கொண்டுவந்து, கோணல் சாமான் கடைகிற ஒரு லேத்தைக் கட்டி நிறுத்தினான்.

அதன் சூட்சுமம் ரொம்பச் சின்னது. செதுக்கி முடித்த கட்டை ஒன்றை ஒரு பக்கம் மாட்டுவான். அதற்கு மாதிரி என்று பேர். இன்னொரு பக்கம் வெறும் மரத்துண்டு. இரண்டும் ஒரே வேகத்தில் மெதுவாகச் சுற்றும். மாதிரியின் மேலே ஒரு உருளை உரசிக்கொண்டே போகும். மேடு வந்தால் உருளை விலகும், பள்ளம் வந்தால் உள்ளே விழும். உருளை இருக்கிற அதே சட்டத்தில்தான் வெட்டுகிற சக்கரமும் இருக்கிறது. உருளை விலகினால் அதுவும் விலகும், உருளை விழுந்தால் அதுவும் விழும். ஆக, இந்தப் பக்கம் தடவுவதை அந்தப் பக்கம் வெட்டும். ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் மரத்துண்டு பாதமாகிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. மரத்துக்குள்ளிருந்து யாரோ காலை நீட்டுகிற மாதிரி.

லேத் ஓட ஆரம்பித்ததும் உளிக்கு வேலை பாதியாயிற்று. மாதிரி செதுக்கினால் போதும், மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும். வருமானம் கூடியது. வருமானம் கூடினால் மனுஷன் சந்தோஷப்படுவான் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

வீட்டில் மூன்றே பேர். அண்ணன், அண்ணன் பெண்சாதி, கல்யாணம் ஆகாத தம்பி. பட்டறையின் பின்பக்கம் ஒரு அறை, ஒரு சமையலறை, தண்ணீர்த் தொட்டி. அந்தப் பெண்ணுக்கு மெஷினை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுக் கரண்டியும் கையுமாக வந்து நிற்பாள்.

"தம்பி, இது நடுவுல நின்னுட்டா என்ன ஆகும்?"

"நொண்டிக் காலு வரும் அண்ணி."

அவள் சிரிப்பாள். உளி மூலையில் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டே, "அடுப்புல என்னமோ தீயுது" என்பான். ஒன்றும் தீய்ந்திருக்காது.

சாப்பாட்டு நேரத்தில் அவன் கண் தட்டுகளில்தான் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் நானே இருந்தேன். மரத்துக்கு அளவு கேட்கப் போனவனை உட்காரச் சொல்லிவிட்டார்கள். சோறு, குழம்பு, அவித்த முட்டை. தம்பி தட்டில் இரண்டு முட்டை விழுந்தது.

"கோழி இப்பல்லாம் அவனப் பாத்துத்தான் முட்டை போடுதா?" என்றான் உளி.

"உங்களுக்குத்தான் முட்டை ஒத்துக்காதுன்னு நேத்து தள்ளி வெச்சீங்களே" என்றாள்.

"நேத்து ஒத்துக்கல. இன்னிக்கு என்னன்னு கேட்டியா?"

சக்கரம் ஒரு முட்டையை எடுத்து அண்ணன் தட்டில் வைத்தான். உளி அதைத் தொடவில்லை. கடைசியில் அதை நான்தான் தின்றேன். சண்டைக்காரர்கள் வீட்டில் சாப்பாடு எப்போதும் மிஞ்சும்.

இப்படியே ஓடியிருக்கும். ஷூ கம்பெனிக்குக் கட்டை வாங்குகிற ஆள் வந்ததில்தான் கெட்டது. அந்த ஆள் வெள்ளைச் சட்டை போட்டு, மரத்தூள் படாமல் வாசலிலேயே நின்று பேசுவான்.

"சக்கரம் தம்பி, உங்க அஞ்சாம் நம்பர் பெண்கட்டை இருக்கே, அதுல தைச்சது ஒண்ணுகூடத் திரும்பி வரல. கடிக்கவே இல்லைங்கறாங்க பொம்பளைங்க. கட்டைவிரல் மூட்டுக்கிட்ட எடம் விட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் விஷயம். இனி பெண்கட்டை எல்லாமே அந்த வாட்டத்துல குடுங்க. பெரிசு சின்னது எல்லாம்."

"அண்ணன்கிட்டயும் சொல்லுங்க" என்றான் சக்கரம்.

"யாரு செஞ்சா என்ன, மெஷின் உங்களுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கென்ன.

உளி எழுந்து போய் லேத்திலிருந்து அந்த மாதிரியைக் கழற்றினான். மழை மூட்டம், பட்டறை பாதி இருட்டு. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தான். கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவினான். குதிகாலில் ஆரம்பித்து, உள்வளைவில் பெருவிரலை அழுத்தி, மேலே ஏறி, கட்டைவிரல் மூட்டில் துருத்திக்கொண்டிருந்த எலும்பு மேட்டில் வந்து நின்றான். கை அங்கேயே நின்றது.  மாதிரியைத் திரும்ப மாட்டிவிட்டு வெளியே போய்த் தூறலில் நின்றான்.

இரண்டு நாள் கழித்து என் கூடத்துக்கு வந்தான். மரத்தூள் மேல் உட்கார்ந்தான். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நான் முறைக்குப் பெரியப்பா.

"பெரியப்பா, ஒரு கால தொட்டுப் பாக்காம அதை மரத்துல கொண்டு வர முடியுமா?"

"நீதான் அந்தத் தொழில்காரன். என்னக் கேக்கற?"

"முடியாது. கண்ணு பாத்தா அளவுதான் வரும். தொட்டாத்தான் காலு வரும்."

"சரி, அதுக்கு?"

கொஞ்ச நேரம் தூளை அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தான். "அந்த அஞ்சாம் நம்பர நான் செதுக்கல. அதுல என் உளி பட்ட தடமே இல்ல. அவன்தான் எங்கயோ செஞ்சு கொண்டாந்து மாட்டியிருக்கான்."

"அவனுக்கு உளியே பிடிக்க வராதேப்பா."

"ஆசைப்பட்டா எது வராது? அதைத் தொட்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு பெரியப்பா. அந்தக் காலு என் கைக்குப் பழக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். அது என் வீட்டுக்காரி காலு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "அவகிட்ட கேட்டியா?"

"கேட்டா பதில் சொல்லிடுவாளே." பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "நான் தொட்ட காலு. அதை அவன் மெஷின்ல மாட்டி, நூறு நூறாக் கடைஞ்சு, மூட்டை கட்டி அனுப்பறான். கண்டவன் எல்லாம் அதை மடியில வெச்சுத் தைக்கறான். ஊர் பூரா என் பொண்டாட்டி காலு பெரியப்பா. என்னால தெருவுல தலை குனிஞ்சு நடக்கக்கூட முடியல. குனிஞ்சா எல்லாப் பொம்பளை காலும் தெரியுது."

"கை தப்பாச் சொல்லும்ப்பா" என்றேன்.

"வாய் பொய் சொல்லும். கை சொல்லாது."

நான் அறுபது வருஷமாகக் கையையும் பார்க்கிறேன், வாயையும் பார்க்கிறேன். இரண்டும் ஒரே ஆளுடையதுதானே. ஆனால் அவனிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. பொறாமை பிடித்தவனுக்குப் புத்தி சொல்வது ஈர மரத்தை அறுப்பது மாதிரி. வாள்தான் சிக்கும்.

அந்த வாரமே, பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். மழை அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் சாக்கு விரித்திருந்தும் சேறு உள்ளே வந்திருந்தது. அந்தப் பெண் சமையலறை வாசலில் வெங்காயத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். உரிக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தாள்.

மரம் சரிபாதி. அரம், உளி, பிடிப்பான் எல்லாம் உளிக்கு. சண்டை இல்லாமல் போயிற்று. அடுத்தது லேத்.

"மெஷின் அவன் கட்டினது. அவனே எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றான் உளி. "சுவத்துல தொங்கற மாதிரிக் கட்டை எல்லாம் எனக்கு."

சக்கரம் நிமிர்ந்தான். "மாதிரி இல்லாம மெஷின வெச்சு நான் என்னண்ணே பண்றது? பம்பரம் விடறதா?"

"செதுக்கிக்க."

"எனக்கு எங்க செதுக்க வரும்? நீ செதுக்கித்தான நான் கடையறேன். மாதிரி இல்லாம நான் பட்டினி, மெஷின் இல்லாம நீ பட்டினி. ரெண்டு பேரும் நல்லா இருக்கறப்ப எதுக்கு இது? நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிட்டு வெளிய தள்ளு."

"சொல்லணுமா?"

"ஆமா, சொல்லு. பெரியப்பா இருக்காரு, அண்ணி இருக்காங்க. சொல்லு."

உளி லேத்திலிருந்து அஞ்சாம் நம்பரைக் கழற்றி எடுத்துவந்து எங்கள் நடுவில் பலகைமேல் வைத்தான். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"இது யாரு காலு?"

"அஞ்சாம் நம்பர்."

"நம்பர் கேக்கல. யாரு காலுன்னு கேட்டேன்."

சக்கரத்துக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தான். நான் மழையைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் புரிந்தது. தட்டைக் கீழே வைத்தாள்.

"என் காலுங்கறீங்களா?"

"நான் சொல்லல. மூட்டுல துருத்திக்கிட்டு நிக்கற எலும்பு சொல்லுது."

சக்கரத்தின் முகம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்தது. கையை ஓங்குவான் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன். அவன் திரும்பி, பெஞ்சுக்கு அடியில் குனிந்து ஒரு பழைய சாக்கை இழுத்துக் கவிழ்த்தான். உளுத்ததும் உடைந்ததுமாகக் கட்டைகள் உருண்டன. அதில் துணி சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து, துணியை உருவி, அண்ணன் கையில் திணித்தான்.

"நீ கையில வெச்சிருந்தது நகல். மாதிரிய அப்படியே மாட்டினா உருளை உரசி உரசித் தேஞ்சுபோகும். அதனால மூலத்தை வெச்சு ஒண்ணே ஒண்ணு கடைஞ்சுக்குவேன், அதைத்தான் தினம் மாட்டுவேன். மெஷின் கடைஞ்சதுல உன் உளித்தடம் எப்படி இருக்கும்? இதான் மூலம். தடவிப் பாரு. யாரு உளி இது?"

பார்க்கவே வேண்டியதில்லை. எனக்கே தெரிந்தது. உளிக்கு இடது கைப் பழக்கம். அவன் சீவல் எல்லாம் மற்றவர்களுக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். அந்தக் கட்டை பூராவும் அந்தச் சாய்வு.

"உன் பழைய சாக்குல கெடந்துச்சு. எங்கயோ செதுக்கித் தூக்கிப்போட்ட. பெண்கட்டை நிறைய செதுக்கியிருக்க, ஆனா இது ஒண்ணுதான் நடக்கற காலு மாதிரி இருந்துச்சு. அதான் எடுத்தேன். என்னைப் பத்தி என்ன நெனச்சுட்ட நீ? அண்ணே, சொல்லு, என்ன நெனச்ச?"

உளி கட்டையைத் திருப்பிக் குதிகாலைப் பார்த்தான். அங்கே சின்னதாக ஒரு குருவி முத்திரை அடித்திருந்தது. பார்த்ததும் அதைப் பெருவிரலால் மூடிக்கொண்டான். மூடாமல் இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அவள் எழுந்து வந்து அவன் விரலை நகர்த்தினாள்.

"இது நீங்க முன்ன வேலை பாத்த கடை முத்திரை."

"ஆமா."

"அந்தக் கடைய விட்டு வந்து ஒரு வருஷம் கழிச்சுத்தான என்னைப் பொண்ணு கேட்டு வந்தீங்க."

"இருக்கும்."

"அப்ப என் காலு இதுல எப்படி வந்துச்சு?"

சக்கரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனுக்கும் நியாயம் கேட்க நிறைய இருந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "தம்பி, நீங்க அப்புறம் கேளுங்க. மொதல்ல நான் கேட்டுக்கறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் கட்டையைப் பிடுங்கி வைத்து, பக்கத்தில் தன் காலை வைத்தாள். உழைக்கிற கால், அகலமான கால். குதிகால் வெடித்திருந்தது. எலும்பு துருத்திக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சுண்டுவிரல் பக்கம். கட்டைவிரல் மூட்டு சமமாக இருந்தது. கட்டையோ ஒல்லி. உள்வளைவு உயர்ந்து, கட்டைவிரல் மூட்டில் மட்டும் ஒரு மேடு. இரண்டுக்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்" என்று என்னிடம் சொன்னவன் அந்தக் காலையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கை பொய் சொல்லவில்லைதான். தெரிந்த காலைத் தெரிந்த கால் என்றுதான் சொல்லியிருக்கிறது. ஆளைத்தான் இவன் மாற்றி வைத்துக்கொண்டான்.

"யாரு?" என்றாள்.

"யாரோ. கடைக்கு வந்தவங்க."

"பேரு?"

"எத்தனையோ பேரு வருவாங்க. மறந்துபோச்சு."

"பேரு மறந்துபோச்சு. காலு மறக்கல."

 எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது. ஆனால் சாட்சிக்கு வந்தவன் நடுவில் எழுந்து போகக்கூடாது. அது ஒரு சாக்கு. எனக்கும் அந்தப் பேர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"சும்மா ஒரு அளவுடி" என்றான் உளி. "தொழில்ல எத்தனையோ காலு தொடுவோம்."

"நீங்கதான சொன்னீங்க, நடக்கற காலு மாதிரி இருக்குன்னு" என்று அவள் சக்கரத்தைக் கேட்டாள். "மத்ததெல்லாம் எப்படி இருக்கும் தம்பி?"

சக்கரம் நல்லவன். பொய் சொல்லத் தெரியாதவன், அதனால் உதவாதவன். "மத்ததெல்லாம் கட்டை மாதிரி இருக்கும் அண்ணி" என்றான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "ரெண்டு வருஷமா மெஷின் முன்னால வந்து நின்னு பாத்தேன். எவ காலோ வெளிய வர்றதையா வேடிக்கை பாத்தேன்? நான் போட்டுக்கிட்டிருந்த இந்தச் செருப்பு? இதுவும் அதுலதான தைச்சது?"

அவள் செருப்பைக் காலால் தள்ளினாள். அது சேற்றில் போய் விழுந்தது.

"பாகமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மெஷின் இங்கயே இருக்கும். தம்பியும் இங்கயே இருப்பாரு. நீங்க என் காலைச் செதுக்குங்க. அதை மாட்டட்டும். இனிமே அஞ்சாம் நம்பர்னா அதுதான்."

"அண்ணி" என்றான் சக்கரம், மெதுவாக. "கோவிச்சுக்காதீங்க. உங்க கால வெச்சுக் கடைஞ்சா ஊர்ல யாருக்கும் சேராது. அகலம் வேற, மேடு வேற பக்கம். எல்லாம் திரும்பி வந்துரும். கம்பெனிக்காரன் வாசல் மிதிக்க மாட்டான்."

"மிதிக்க வேண்டாம்."

"சோத்துக்கு என்ன பண்றது?"

"இத்தனை நாளா அவ காலுல நடந்து ஊர் பொம்பளைங்க எல்லாம் சொகமா இருந்தாங்க இல்ல? கொஞ்ச நாள் என் காலுல நடந்து பாக்கட்டும். கடிக்கட்டும்."

பெண்சாதிக்குப் பைத்தியம் என்று உளி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொறாமையில் வீட்டை இரண்டாக வெட்டப் பார்த்தவன் அவன். அவளைச் சொல்ல என்ன வாய் இருக்கிறது. அளவெடுக்கிற காகித நாடாவை எடுத்துக்கொண்டு, முக்காலியை இழுத்து அவள் முன்னால் போட்டு உட்கார்ந்தான். அவளும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஆடைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

"நீட்டு" என்றான்.

"எந்தக் காலு?"

"ஒண்ணு போதும். ஒரு காலு குடுத்தா மெஷினே பல்சக்கரம் மாத்தி மறு காலையும் கடைஞ்சுரும்."

"அது தெரியும். எலும்பு துருத்தினது ரெண்டுலயும் இல்ல, ஒண்ணுலதான். அதைத்தான் செதுக்கணும். இப்பத்தான பாத்தீங்க, கண்ணுக்கு முன்னால வெச்சேன். அது எந்தக் காலுன்னு நீங்களே சொல்லுங்க. சொன்னா நீட்டறேன்."

உளி அவள் முகத்தைப் பார்த்தான். ஆடை ஓரத்தைப் பார்த்தான். ஈரத் தரையில் ஏதாவது தடம் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் தேடினான். மழைத்தண்ணீர் அதையும் மூடியிருந்தது. சக்கரத்துக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, எண்ணெய்த் துணியை எடுத்து லேத்தைத் துடைக்க ஆரம்பித்தான். எனக்கும் தெரியும். யாரும் எங்களைக் கேட்கவில்லை.

"வலது" என்றான் உளி.

அவள் ஆடையை விலக்கி, இடது காலை நீட்டி, அவன் தொடைமேல் வைத்தாள். அவன் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் கையால் பிடித்துப் பார்த்தான்.